அட்டை கேட்காதவள்

தையல் வரிசைக்கு ஓர் அட்டை. கழிவறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பும்வரை மற்ற முப்பத்தேழு பேரும் அடக்கிக்கொள்ள வேண்டும். கம்போடியாவில், புனோம் பென்னுக்கு வெளியே இருந்த அந்தச் சட்டைத் தொழிற்சாலையில், ஏழாவது வரிசையின் அட்டை வரிசைத் தலைவி சந்தூவின் மேஜையில் கிடந்தது.

"அக்கா, அட்டை குடுங்க" என்று வந்து நின்றாள் கழுத்துப்பட்டி தைக்கிற கொலாப்.

"இப்பதானடி போயிட்டு வந்தே? வயித்துல என்ன ஓட்டைக் குடமா? என்னையப் பாரு, விடியக்காலைல லாரி ஏறினா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கறதில்ல."

"ஒங்களுக்கு எங்கிருந்து வரும்? தண்ணியப் பாத்தாலே வெஷத்தப் பாக்குற மாதிரி பாக்குறீங்க."

பக்கத்து மெஷின்களில் சிரிப்பு. சந்தூ சிரிக்கவில்லை. தொடைகளை இறுக்கிக்கொண்டாள்.

அந்த வருடம் அவளுக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல் வந்தது இது நான்காவது முறை. ஒவ்வொரு முறையும் தெருமுனை மருந்துக் கடையில் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். கடைக்காரர் நான்கு நிற மாத்திரைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கிவிடும். மிச்சத்தை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைப்பாள்.

யாரிடம் சொல்வது? கணவன் தாய்லாந்தில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருடம். அவளும் கொலாப்பும் குடியிருந்த வாடகை அறைகளில் எல்லாரும் பெண்கள்தான்; கழிவறையும் பொது. போன வருடம் கடைசி அறைப் பெண் ஒருத்தி இதே உபத்திரவத்தைச் சொல்லி அழுதபோது, "எவன் குடுத்துட்டுப் போனானோ" என்று முதலில் சொன்னது சந்தூவின் வாய்தான். அந்தப் பெண் மாதம் முடிவதற்குள் அறையைக் காலி செய்துவிட்டாள். அதனால் கணவன் போனில் கேட்கும்போதெல்லாம், "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் சந்தூ.

மறுநாள் காலை சிறுநீர் மங்குஸ்தான் பழத்தோல் ஊறிய தண்ணீர் போல் சிவந்திருந்தது. விலாவுக்குக் கீழே முதுகில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போன்ற வலி. வேலைக்குப் போனாள். பத்து மணிக்கு, இஸ்திரிப் பெட்டிகளின் அனலுக்கு நடுவே, அவளுக்குக் குளிரெடுத்துப் பல் கிட்டியது.

கொலாப் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "கொதிக்குது அக்கா. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஒன் வேலையப் பாருடி."

"காலைல ஒங்களுக்கு அடுத்து கக்கூஸுக்குள்ள போனது நான்தான். ரத்தத்தப் பாத்தேன். எந்திரிங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "கிருமி கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா ரத்தத்துல கலந்து உயிருக்கே ஆபத்தாயிருக்கும். மாத்திரை எத்தன நாள் சாப்பிட்டீங்க?"

"எரிச்சல் நிக்கிற வரைக்கும்."

"எரிச்சல் நின்னா கிருமி செத்துருச்சுன்னு யாரு சொன்னா?"

சந்தூ தலையைக் குனிந்துகொண்டாள். "வீட்டுக்காரர் ஊர்ல இல்லீங்க. நான் வேற யார்கிட்டயும்..."

"அத நான் கேக்கவே இல்லையே! தண்ணி குடிக்காம அடக்கி வெச்சா, புத்த விகாரைல மொட்டை போட்டு உக்காந்திருக்குற துறவியம்மாவுக்கும் இது வரும்."

மருந்து சொட்டுச் சொட்டாகக் கையில் இறங்கியது. கட்டிலோரம் உட்கார்ந்திருந்த கொலாப் அவள் காதருகே குனிந்தாள்.

"எனக்கும் ரெண்டு வாரமா எரியுது அக்கா."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"ஒங்ககிட்டயா?"

சந்தூ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு ஊசி குத்தாத கையால் கொலாப்பின் மணிக்கட்டைப் பிடித்து, "டாக்டரம்மா, இவளையும் பாருங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

"மெதுவா அக்கா, எல்லாருக்கும் கேக்குது."

"கேக்கட்டும். இது ஒடம்புக்கு வர்ற நோவுடி, இதுல நடத்தை எங்க வந்துச்சு? தண்ணியக் குடி, வந்தா அடக்காதே, டாக்டர் குடுக்குற மருந்தக் கடைசி மாத்திரை வரைக்கும் முழுங்கு. காய்ச்சலையும் ரத்தத்தையும் மறைக்கவே மறைக்காதே. அடுத்தவ வலியச் சொன்னா அசிங்கமாப் பேசுற ஊர்ல, ஒவ்வொருத்தியும் தனியாத்தான் சாகணும்."