இடுப்புக் கல் ஒலிக்காத காலை

ரானுக்கு மெதுவாக நடக்க வராது. குதிரை வளர்க்கும் வீட்டுப் பெண், ஓடித்தான் பழக்கம். பழைய சீனத்து லூ நாட்டில் பெரிய வீட்டு மருமகளோ, வளைந்த பட்டையும் செதுக்கிய மீன்களுமாக ஜேட் கற்களைக் கோத்து இடுப்பில் தொங்கவிட்டு, அவை இதமாக உரசும்படி நடக்க வேண்டும். ரான் நடந்தால் வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த கதைதான்.

“அண்ணி, கூரைப் புறாவெல்லாம் பறந்துபோச்சு. இன்னைக்காவது கொஞ்சம் இரக்கம் காட்டுங்க” என்று நாத்தனார் வெய் சீண்டினாள்.

“சும்மா இரு வெய். நானே பயந்து கிடக்கேன்.”

பயம் நியாயமானதுதான். கல்யாணமாகி மூன்று மாதம் முடிந்தது. அந்நாட்டு வழக்கப்படி இன்று மாமனார் அவளை மூதாதையர் மண்டபத்தில் மருமகளென்று முன்னோர்களிடம் அறிவிக்க வேண்டும். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் பிறந்த வீட்டுக்கே வண்டி ஏற வேண்டியதுதான். அவளை அழைத்து வந்த குதிரைகள் அதற்காகவே இன்னும் லாயத்தில் நிற்கின்றன. கணவன் ஹேங் எல்லைக் காவலில் இருக்கிறான். அவன்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை.

மாமனாருக்குப் பார்வை மங்கிவிட்டது, காதுதான் எல்லாம். ஆகவே ரான் கற்களைப் பட்டு நூலால் இறுக்கிக் கட்டிவிட்டாள். பதற்றம் வந்தால் புத்தி கொல்லைப்புறமாக ஓடிவிடும் போலிருக்கிறது.

மண்டப வாசலில் நின்ற மாமனார் காலடி கேட்டுத் திரும்பினார். கல்லின் ஓசை இல்லை. முகம் வெளுத்துவிட்டது.

“ரானா? கல்லுச் சத்தத்தையே காணோமே! எல்லையிலேர்ந்து ஆள் வந்தானா? என் பையனுக்கு என்னம்மா ஆச்சு?”

துக்கம் காப்பவர் இடுப்பில்தான் கல் ஒலிக்காது. ரானுக்கு அப்போதுதான் உறைத்தது. நூலைப் பிய்த்தெறிந்துகொண்டே ஓடினாள். கற்கள் கடகடவென்று மோதின.

“ஐயோ மாமா, அவர் நல்லாத்தான் இருக்கார்! என் சத்தம் கேட்டா திருப்பி அனுப்பிடுவீங்கன்னு நான்தான் கட்டி வச்சேன்!”

மாமனார் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“அடி பைத்தியமே! காலையில நீ ஓடுற சத்தம் கேட்டுத்தான் நான் கண்ணே முழிக்கிறேன். அது இல்லாம இந்த வீட்ல எனக்கு என்ன இருக்கு?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். முன்னோர்களுக்கு முன் மண்டியிட்டு, முறைப்படி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மருமகளைக் கூட்டிட்டு வந்திருக்கேன். பேரு ரான். கொஞ்சம் வேகமா நடப்பா. யாரும் திடுக்கிட்டு எழுந்துடாதீங்க, இனிமே இங்க இப்படித்தான்.”