நாலு மணிக்கு அடித்த கார்டு

அப்பாவின் நகக்கண்ணில் அடைந்திருந்த பாய்லர் கரியை மகள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, சலவை ஆலையின் மேனேஜர் ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்தார். பெரியப்பா பதறியடித்து எழுந்து, துண்டால் நாற்காலியைத் தட்டிவிட்டு, இடுப்பு ஒடியக் குனிந்து நின்றார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு முதுகெலும்புதான் போலிருக்கிறது. அது கட்டிலில் கிடந்தது.

அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போகும் வண்டி பதினொரு மணிக்கு. அதற்குள் மேனேஜருக்கு ஒரு கையெழுத்து வேண்டும்.

"நீதானேம்மா படிச்ச பொண்ணு?" தாளை நீட்டினார். "ஒண்ணுமில்ல, ஃபைலுக்கு. வீட்டுக்காரங்க சொன்ன மாதிரி நானே இங்கிலீஷ்ல எழுதிட்டேன்."

"வீட்ல யார் சொன்னது?"

"கையெழுத்துப் போட்டா சொன்ன மாதிரிதானே?" என்று சிரித்தார். பிணம் கிடக்கிற வீடு என்பது நினைவுக்கு வந்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

மகள் படித்தாள். 'ஹி ஹேட் ஃபினிஷ்ட் ஹிஸ் வொர்க் வென் ஹி கொலாப்ஸ்ட்.' அப்பா வேலையை முடித்துவிட்டிருந்தார், அதற்கப்புறம்தான் சரிந்தார். அந்த 'ஹேட்' எங்கே வரும், எங்கே வராது என்று தெரியாமல் கல்லூரி முதல் வருடத்தில் அவள் எழுந்து நின்றபோது வகுப்பே சிரித்தது. நூலகத்தின் மூலை பெஞ்சில் மூன்று மாதம் மாரடித்துக் கற்றுக்கொண்டாள். இரண்டு காரியம் நடந்தால், முந்தி நடந்ததற்கு 'ஹேட்'. மேனேஜரின் வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. இவ்வளவு சுத்தமான இங்கிலீஷில் இவ்வளவு அழுக்கான பொய்யை அவள் பார்த்ததில்லை.

ஆலையில் சரியாக நாலு மணிக்கு சூப்பர்வைசர் எல்லார் வருகைக் கார்டையும் ஒரே கட்டாக எடுத்து, வேலை முடிந்ததாக மணி பதிக்கிற மெஷினில் அடித்துவிடுவான். துணி மடிக்கிறவர்கள் போய்விடலாம். பாய்லர்காரர் போக முடியாது. நீராவி இறங்கும்வரை மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்க வேண்டும். பதினெட்டு வருடமாக அப்பா அப்படி நின்றார். நேற்று நாலு இருபதுக்கு, நின்ற இடத்திலேயே விழுந்தார். வேலை முடிந்தபின் விழுந்தார் என்று ஆகிவிட்டால் ஆலை நஷ்டஈடு தர வேண்டியதில்லை.

"அப்பா வேலைய முடிக்கல சார். வால்வ மூடப் போய்தான் விழுந்தாரு."

"கார்டு நாலுக்கு அடிச்சிருக்கேம்மா."

"அடிச்சது அவரா?"

மேனேஜர் அவளை விட்டுவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்து, அம்மா பக்கம் தாடையை அசைத்தார். "அந்தம்மா நம்மகிட்டதான் மடிப்புல இருக்காங்க. இனிமே அந்த வேலைய வச்சுத்தான் வீடு ஓடணும், இல்லையா?"

"ஆமாங்க சார், ஆமாங்க." பெரியப்பா அவள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "போட்டுத் தொலையேன்டி! ஒரு எழுத்து முன்னபின்ன இருந்தா உங்கப்பன் எந்திரிச்சா வரப்போறான்? ரெண்டு புக்கு படிச்சதும் பெரிய கலெக்டருன்னு நினைப்பு!"

மகள் அம்மாவைப் பார்த்தாள். போகப்போவது அம்மாவின் வேலை. தன் கோபத்துக்கு அம்மா எதற்குப் பலியாக வேண்டும்?

கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்த அம்மா, "இதுல என்னடி எழுதியிருக்கு?" என்றாள்.

"அப்பா வேலைய முடிச்சுட்டு, அப்புறமா விழுந்தாருன்னு."

அம்மா மேனேஜரை நிமிர்ந்து பார்த்தாள். ஆலையில் அவரை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

"நான் ஆலை கேட்டுல உக்காந்திருந்தேன் சார். தெனமும் அவருக்காக அரை மணி நேரம் உக்காந்திருப்பேன். நீங்ககூடக் கார்ல என்னைத் தாண்டித்தான் போவீங்க. முடிச்ச மனுஷன் வெளிய வந்திருக்க மாட்டாரா?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த மாதிரி ஆட்களுக்கு வெட்கம் வந்தால் மணி பார்ப்பார்கள்.

மகள் வாக்கியத்தைக் குறுக்கே அடித்தாள். அடியில் புதிதாக எழுதினாள். அப்பா வேலை செய்துகொண்டே இருந்தார், அப்பா விழுந்தார் என்று அவருக்கு வெறும் இறந்தகாலமே போதுமாயிருந்தது. ஒரே ஒரு 'ஹேட்' மட்டும் வைத்தாள். அதைச் சூப்பர்வைசருக்குக் கொடுத்தாள்: அவன் அதற்கு முன்பே கார்டை அடித்துவிட்டிருந்தான். கையெழுத்துப் போட்டாள்.

"இதை நான் வாங்க முடியாது," என்றார் மேனேஜர். "யோசிச்சுக்கோங்க. அந்தம்மா நாளைக்கு வேலைக்கு வர வேணாமா?"

"குடு, நானும் போடறேன்," என்றாள் அம்மா.

"அண்ணி, பைத்தியமா உனக்கு?" என்று கத்திய பெரியப்பா, தம்பி மனைவியைப் போய் அண்ணி என்று கூப்பிட்டதைக்கூட உணரவில்லை.

அம்மா தாளைத் தரையில் வைத்துக் குனிந்தாள். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. முதல் எழுத்துக்குக் கொம்பு போட்டாள், கால் போட்டாள். இரண்டாவது எழுத்தில் பேனா எழுதவில்லை. உதறினாள். உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள். மை தீர்ந்திருந்தது.

மேனேஜரின் சட்டைப் பையில் தங்க மூடியோடு ஒரு பேனா இருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே அவரை நோக்கிக் கையை நீட்டினாள், நீட்டியபடியே வைத்திருந்தாள்.