மேல்தெருவில் விழாத ஓட்டு

மேல்தெருச் சாவடியில் லாண்டரிக்காரிக்கு விழுந்த ஓட்டு பூஜ்யம். பத்து, இருபது விழுந்து தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தோற்றவள் பூஜ்யத்தைக் கட்டிக்கொண்டு எப்படித் தூங்குவாள்?

அவள் தேர்தலில் நின்றதே தண்ணீருக்காகத்தான். கீழ்த்தெருவுக்கு வர வேண்டிய பெரிய குழாயை மேல்தெருவில் அடுக்குமாடி கட்டியவனிடம் காசு வாங்கிக்கொண்டு அங்கே திருப்பிவிட்டார் கவுன்சிலர். ஊர் முழுக்கத் தெரிந்த களவு. அன்றிலிருந்து அவருக்கு 'வால்வு' என்றே பெயர். கீழ்த்தெருவில் குடிக்கவே தண்ணீர் இல்லை, அழுக்குத் துணிக்கு எங்கே போவது? அவளுடைய இரண்டு சலவை இயந்திரங்களும் வாயைப் பிளந்துகொண்டு சும்மா கிடந்தன.

கீழ்த்தெரு மொத்தமும் அவளுக்கே குத்தியது. ஆனால் மேல்தெருவில் வீடுகள் இரண்டு மடங்கு; வால்வே மறுபடியும் ஜெயித்தார். பிரசாரத்தின்போது அங்கேயும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வால்வு என்று சொன்னதுமே ஆளாளுக்குக் காறித் துப்பினார்கள். அதை நம்பித் தொலைத்தாள். போதாததற்கு அவளுடைய சொந்தத் தங்கை பியூட்டி பார்லர் வைத்திருப்பதும், குடியிருப்பதும், ஓட்டுப் போடுவதும் மேல்தெருவில்தான்.

"பூஜ்யம் நல்லதுதாங்க" என்றார் வக்கீல். "உங்களுக்குத்தான் போட்டேன்னு அந்தச் சாவடியிலேர்ந்து ஒரே ஒருத்தர் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடட்டும். எண்ணிக்கையே பொய்னு மறு ஓட்டு கேட்டுடலாம்."

"ஒருத்தர் போதுமா? என் கூடப் பொறந்தவளே இருக்காளே!"

அவர் எழுதிக் கொடுத்த தாளோடு நேராகப் பார்லருக்குப் போனாள். தலை நிறையச் சாயம் பூசிக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் மருந்துக்கடைக்காரி, முகம் முழுக்க வெள்ளைக் களிம்பு. தங்கை கிண்ணத்தில் மிச்சச் சாயத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அநியாயம்க்கா! நான் உங்களுக்குத்தான் குத்தினேன். மெஷின்லயே ஏதோ தில்லுமுல்லு" என்றாள் டீச்சர்.

"எங்க வீட்டு நாலு ஓட்டும் உங்களுக்குத்தான்" என்றாள் மருந்துக்கடைக்காரி, கண்ணைத் திறக்காமலே. "அந்த வால்வு வெளங்குவானா? நாசமாத்தான் போவான்."

லாண்டரிக்காரிக்கு உச்சி குளிர்ந்தது. தாளைக் கண்ணாடி மேஜையில் விரித்து, பேனாவை எடுத்து வைத்தாள். "அப்போ இதுல யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும். மறு ஓட்டு வந்துடும்."

டீச்சர் பேனாவை விட்டுவிட்டுக் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தாள்.

"ஓட்டு ரகசியமாச்சே, எழுதியெல்லாம் கொடுக்கலாமா?" என்று இழுத்தாள் டீச்சர். "எதுக்கும் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை..."

"எனக்குக் களிம்புல கண்ணே தெரியல" என்றாள் மற்றவள்.

லாண்டரிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திட்டறதுக்கு மட்டும் வாய் காது வரைக்கும் கிழியுது. கையெழுத்துன்னா கை வெளங்காமப் போயிடுதா?"

தலையில் சாயத்தோடு எழுந்து ஓடவும் வழியில்லாத டீச்சருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா, அவன் திருடன்தான். யார் இல்லைன்னா? ஆனா எங்க குழாயில தண்ணி வருதே! நீங்க வந்தா வால்வைத் திருப்புவீங்களா மாட்டீங்களா?"

"திருப்புவேன். அது எங்க தண்ணி."

"அப்புறம் உங்களுக்கு எதுக்குப் போடணும்? எங்களுக்கு என்ன, பைத்தியமா?"

எல்லோரையும் இழுத்து வைத்து அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. தங்கையின் பக்கம் திரும்பினாள். "இவங்க கிடக்கட்டும். நீ போடுடி."

தங்கை கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நானும் உனக்குப் போடலக்கா."

காதில் விழுந்தது. உள்ளே இறங்கத்தான் நேரம் பிடித்தது.

"தண்ணி இல்லாம பார்லரை எப்படி நடத்தறது?" தங்கையின் குரல் உடைந்தது. "வர்றவங்க தலையைத் துப்பியா கழுவ முடியும்?"

"என் கடை மூடிக் கிடக்கே, அது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"உன் கடை தொறக்க என் கடையை மூடணுமா?"

வெறும் வயிற்றில் தெருத்தெருவாக அலைந்தபோது, யார் கைவிட்டாலும் தங்கை இருக்கிறாள் என்று நினைத்து நினைத்துத்தான் நடந்திருந்தாள். இப்போது இவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தங்கை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை எடுத்தாள்.

"கொடு. உனக்குத்தான் போட்டேன்னு எழுதித் தர்றேன். எனக்கு நீ வேணும்க்கா."

பொய்ச் சத்தியம். தாளைப் பிடுங்கிக் கிழித்திருக்கலாம். கிழித்துவிட்டுக் கீழ்த்தெருவுக்கு எந்த முகத்தோடு போவது? வால்வு சிரிப்பான். இயந்திரத்தைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

"போடு" என்றாள்.

தங்கை குனிந்து கையெழுத்துப் போட்டாள். டீச்சர் அலறினாள். "அடிப்பாவி! மறு ஓட்டு வந்து இவங்க ஜெயிச்சுட்டா நம்ம தண்ணி என்னாகறது?"

தங்கை நிதானமாகப் பேனாவை மூடினாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் அழுகை இல்லை, கொஞ்சம் நிம்மதி இருந்தது.

"இனிமே பயமில்ல டீச்சர். இவ ரொம்ப நேர்மை, தங்கச்சின்னுகூடப் பாக்க மாட்டான்னு நெனச்சுத்தான் பயந்தேன். அப்படியெல்லாம் இல்ல. இவ ஜெயிச்சாலும் நம்ம பார்லர் குழாயில மட்டும் தண்ணி நிக்காது. இல்லக்கா?"

மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரிகூடக் கண்ணைத் திறந்துவிட்டாள். லாண்டரிக்காரி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். இல்லை என்று சொல்லவில்லை.