பத்துப் பேருக்கும் பச்சை

ஆனி மாத வெயில் அஜின்கோர்ட் பிளாசாவின் தார்த் தரையைக் காய்ச்சிக்கொண்டிருந்த மூன்று மணிக்கு, வேனிலிருந்து இறங்கிய பத்துப் பெண்களும் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்கள். மரக்கறிக் கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? முப்பத்தொரு பாகைச் சூட்டில் யார் இப்படி வருவார்கள்? காலை ஆறு மணியிலிருந்து உறைந்த மீனையும் றோல்ஸையும் பெட்டிபெட்டியாக அடுக்கிவிட்டு, ஃபிரீசர் அறையிலிருந்து நேரே வந்தவர்களுக்கு அந்த வெயில் இன்னும் தோலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

கடைக்கு மேல்மாடியில் யூஜினி கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மன்னார் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் தாதியாக இருந்தவள். கனடாவுக்கு வந்து, தாதிப் படிப்புக்கான அத்தாட்சிக் கடிதங்களைக் கேட்டு எழுதிக் களைத்து, முதியோர் இல்லமொன்றில் நிலம் துடைத்து, நாரி போய்க் குனிய முடியாமல் ஆனபிறகு கிடைத்த வேலை இது. உடம்பின் சூட்டைப் படம் பிடிக்கிற கமரா. மார்பிலே நோய், வருத்தம் ஏதும் தொடங்கினால் அந்த இடம் சூடாக இருக்குமாம், படத்தில் சிவப்பாகத் தெரியுமாம். சிவப்பு இல்லாவிட்டால் றிப்போட்டில் 'பச்சை' என்று கொம்பியூட்டரே எழுதுமாம். எக்ஸ்ரே கதிர் இல்லை, நோவு இல்லை, யாரும் தொடவும் மாட்டார்கள். அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே அஜின்கோர்ட் பெண்கள் படியேறி வந்தார்கள். கோயிலில் கண்ட நாலைந்து பேரை யூஜினியே கூட்டி வந்திருக்கிறாள்.

இன்று வந்தவர்கள் தாங்களாக வந்தவர்கள் அல்ல. அவர்களை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சி 'பெண்கள் நல நாள்' என்று ஒன்று வைத்து, வேனில் ஏற்றி அனுப்பியிருந்தது.

வழக்கமாக வருகிறவர்களை இடுப்புக்கு மேல் உடுப்பைக் கழற்றவைத்து, குளிர் அறையில் பதினைந்து நிமிடம் இருத்த வேண்டும். வெளிச்சூடு அடங்கினால்தான் உள்சூடு தெரியும் என்பது கணக்கு. இன்று முதலாளி பிரியந்தன் கதவுக்கு வெளியே நின்றபடியே சொன்னான்.

"அன்ரி, இவை ஆல்ரெடி கூல். வெயிற் பண்ண வைக்காதேங்கோ. நேரே எடுங்கோ, நாலரைக்கு வேன் போகவேணும்."

சொல்லிவிட்டு, தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டு போனான்.

முதலாவது பெண்ணின் படம் திரையில் நீலமாக வந்தது. இரண்டாவதும் நீலம். மூன்றாவது பெண்ணின் கழுத்தடியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஓடியது. யூஜினி கமராவை நிற்பாட்டித் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கமராவில் பிழை இல்லை. எட்டு மணித்தியாலம் குளிருக்குள் நின்ற உடம்பில் எங்கே சூடு வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கதவைத் திறந்து பிரியந்தனைக் கூப்பிட்டுச் சொன்னாள். "கொம்பியூட்டர் அட்ஜஸ்ற் பண்ணும் அன்ரி," என்றான் அவன்.

ஏழாவதாக வந்தவள் றஜிதா. நாற்பத்தைந்து வயதிருக்கும். வரும்போதே வாய் ஓயவில்லை.

"அக்கா, முதல்ல சத்தியம் பண்ணுங்கோ, ஃபேஸ்புக்கில போடமாட்டன் எண்டு."

"போட்டாலும் நீலக் கலர்ல ஆர் உம்மைக் கண்டுபிடிக்கிறது? வடிவா நில்லும். இப்ப ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கும்."

றஜிதா கைகளைத் தூக்கினாள். இடது மார்பின் கீழ்ப்பக்கத்தில் தோல் உள்ளே இழுத்து ஒரு சிறு குழி விழுந்தது. யூஜினி கையை இறக்கச் சொன்னாள், குழி இல்லை. தூக்கச் சொன்னாள், குழி. யூஜினி திரையைப் பார்த்தாள். திரையில் எல்லாம் ஒரே நீலம், குழியையும் காணோம், ஒன்றையும் காணோம்.

இந்த அறையில் யாரையும் தொடக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே பிரியந்தன் சொல்லியிருந்தான். யூஜினிக்கு அது நினைவு வராமல் இல்லை. கமராவை விட்டு எழும்பிப் போய், மூன்று விரல்களைச் சேர்த்து அந்த இடத்தில் வைத்தாள். அங்கே இருந்தது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, கல்லுப்போல. அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை.

மாதாவே, என்று மனம் அலறியது. முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"இது எவ்வளவு நாளா, றஜிதா?"

"எது?"

"இந்தக் கட்டி."

றஜிதாவின் சிரிப்பு நின்றது. தன் கையை எடுத்து யூஜினியின் விரல் இருந்த இடத்தில் வைத்தாள். தடவினாள். அழுத்தினாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே அக்கா. நான் மாசம் மாசம் குளிக்கேக்க தடவிப் பாக்கிறனான். ரீவியில சொன்ன மாதிரி, வட்டமா."

யூஜினி அவள் கையை வாங்கிப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளிறி, தோல் தடித்து வெடித்திருந்தன. நகத்தால் கிள்ளினாள்.

"நோகுதே?"

"கிள்ளினதே? தெரியேல்லை. ஏழு வருசம் ஃபிரீசருக்க நிண்ட கையெல்லே. சுடுதண்ணியே தெரியாது. மகள்தான் தொட்டுப் பாத்துச் சொல்லுவாள்."

மாதம் தவறாமல் பார்த்திருக்கிறாள், பாவி. மரத்த கையால் பார்த்திருக்கிறாள். யூஜினிக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"இஞ்சை பாரும். இந்தப் படத்தை நம்பாதையும். டொக்டரிட்டப் போய், தோல் உள்ள இழுக்குது எண்டு சொல்லும். மெமோகிராம் எடுக்கச் சொல்லும். அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஹெல்த் கார்ட் இருக்குத்தானே?"

"கார்ட் இருக்கக்கா. அதைக் காட்டுறதுக்குப் பகல்தான் இல்லை."

அடுத்த நாள் காலை, பிரியந்தன் கோப்பி போட்டு முடியும்வரை காத்திருந்து யூஜினி சொன்னாள். "தம்பி, நேற்று வந்ததில ஒரு பிள்ளையின்ர றிப்போட்டைக் குடுக்காதேங்கோ. கட்டி இருக்கு."

"எப்பிடித் தெரியும்? படம் நோர்மல்தானே?"

"தொட்டுப் பாத்தனான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பிரியந்தன் கோப்பியைக் கீழே வைத்தான். சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போடுகிறவன் அல்ல. கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தினான்.

"அன்ரி, ஐ றெஸ்பெக்ற் யூ. எங்கட அம்மா மாதிரி. ஆனா நீங்கள் இஞ்சை நேர்ஸ் இல்லை. நாங்கள் வருத்தம் எண்டு சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது. திஸ் இஸ் வெல்னஸ். யாரும் கேஸ் போட்டா உங்களைத்தான் முதல்ல கேப்பினம்."

"அப்ப பச்சை எண்டு எழுதிக் குடுக்கிறது என்ன? அது இல்லை எண்டு சொல்லுறது இல்லையோ?"

"அது கொம்பியூட்டர் எழுதிறது."

பிறகு ஒரு தாளை எடுத்து வந்து முன்னால் வைத்தான். வாடிக்கையாளரைத் தொடமாட்டேன், மருத்துவ ஆலோசனை சொல்லமாட்டேன், மீறினால் வேலை இல்லை. யூஜினி அதை இரண்டு தரம் வாசித்தாள். ஐம்பத்தாறு வயதில், இந்த நாரியோடு, இனி எங்கே போய் நிலம் துடைப்பது? கையெழுத்து வைத்தாள். வெட்கமாக இருந்தது. பத்து மணிக்கு அடுத்த ஆள் வந்தபோது எழும்பிப் போய்ப் படம் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், யூஜினி அன்று எழுதிக் கொடுத்த எண்ணுக்கு றஜிதா ஃபோன் எடுத்தாள். குரலில் பழைய கலகலப்பு.

"அக்கா, நீங்கள் சும்மா வெருட்டிப்போட்டியள். சண்முகநாதன் அண்ணை வேனுக்குள்ள வைச்சு றிப்போட் தந்தவர். பத்துப் பேருக்கும் பச்சை. எல்லாரும் கை தட்டினவை."

சண்முகநாதன் என்பவர் ஏஜென்சிக்காக வேன் ஓட்டுகிறவர். நாளைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று இரவில் சொல்லுகிறவரும் அவரே.

"அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடும்," என்றாள் யூஜினி. "நான் சொல்லுறன். என்ர விரலுக்குத் தெரிஞ்சது. நாளைக்குச் சனி. ஷெப்பர்ட் றோட்டில வோக்-இன் கிளினிக் ஒண்டு திறந்திருக்கும். நான் வாறன், நீரும் வாரும்."

"மெய்யாத்தானோ அக்கா?" என்று மறுமுனையில் கேட்ட குரல் வேறு ஆளுடையதுபோல் இருந்தது.

வோக்-இன் டொக்டர் வயதில் சிறியவள். தொட்டுப் பார்த்தாள், கைகளைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். றஜிதா நீட்டிய பச்சைத் தாளை ஒரு கணம் பார்த்துவிட்டு, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். யார் முதலில் கண்டது என்று கேட்டாள். றஜிதா யூஜினியைக் காட்டினாள். "குட்," என்றாள் டொக்டர். இந்த நாட்டில் யூஜினியின் கைக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. மகிழ்ச்சிப்பட முடியாத நேரத்தில் அது வந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேரம் கொடுத்தார்கள். வியாழன், காலை பத்து இருபது. மெமோகிராமும் ஸ்கானும். தவறவிட்டால் அடுத்தது ஐந்து கிழமைக்குப் பிறகு.

அன்றிரவு றஜிதா சண்முகநாதனிடம் லீவு கேட்டாள். கேட்டதையும் அவர் சொன்னதையும் ஃபோனில் யூஜினிக்கு அப்படியே ஒப்புவித்தாள்.

"'என்ன பிள்ளை, போன கிழமைதானே செக் பண்ணினது? கொம்பனி செலவில, வேலை முடிஞ்ச நேரத்தில, வேன் விட்டுக் காட்டினது. பச்சை எண்ட பேப்பரின்ர கொப்பியும் என்னட்ட இருக்கு. பிறகென்ன லீவு?' எண்டார். அக்கா, நான் வோக்-இன் டொக்டரின்ர கடிதத்தைக் காட்டினன். 'எனக்கு விளங்குது, மேல இருக்கிறவனுக்கு விளங்காது. அவன் பச்சைப் பேப்பரைத்தான் காட்டுவான். லோங் வீக்கெண்ட் ஓடர் குவிஞ்சு கிடக்கு, என்ர லிஸ்ற்றில ஓட்டை இருக்கேலாது' எண்டிட்டார்."

"நீர் என்ன சொன்னீர்?"

"என்னத்தைச் சொல்ல? போன வருசம் எங்களோட வேலை செய்த அமிர்தநாதரின்ர மனுசி ரெண்டு நாள் வேலைக்கு வராமல் நிண்டவ. அதுக்குப் பிறகு அவவை வேலைக்கு வரச்சொல்லி ஃபோனே போகேல்லை. மகள் லக்சிகா செப்டெம்பர்ல யூனிவேர்சிற்றி போறாள். பேஸ்மென்ற் வாடகை. ஓடர் முடியட்டும் அக்கா, அடுத்த டேற்றுக்குப் போவம்."

யூஜினிக்கு வந்த கோபத்தில் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. "விசரி! அது ஐஞ்சு கிழமைக்கு அங்கேயே இருக்கும் எண்டு உமக்கு எழுதித் தந்ததே? மன்னாரில நான் கண்டனான். 'அறுவடை முடியட்டும் மிஸ்ஸி' எண்டு சொல்லிப் போனதுகளை நான் கண்டனான்!" என்று கத்தினாள். கத்திவிட்டு அழுதாள். மறுமுனையிலும் அழுகை கேட்டது. பத்து மணிக்கு நான் அங்கே நிற்பேன், நீர் வந்தாலும் வராவிட்டாலும், என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

வியாழன் காலை, பல்லுக்கொதி என்று பிரியந்தனுக்குப் பொய் சொல்லிவிட்டு யூஜினி ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் குந்தியிருந்தாள். பத்தாயிற்று. பத்து ஐந்து. காகிதக் குவளையில் தண்ணீர் எடுத்து வந்து குடிக்காமல் வைத்திருந்தாள். றஜிதாவின் எண்ணுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. ஃபிரீசருக்குள் ஃபோன் வைத்திருக்க விடமாட்டார்கள் என்பது நினைவு வந்தது. பத்துப் பதினைந்துக்குப் பதிவு மேசைப் பெண் றஜிதாவின் பெயரைக் கொலை செய்து கூப்பிட்டாள். "வந்துகொண்டிருக்கிறா," என்று யூஜினி எழும்பி நின்று சொன்னாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது.

லிஃப்ற் திறந்தது. றஜிதா ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. "பஸ்ஸில ஃபோன் அடிச்சது அக்கா, சண்முகநாதன் அண்ணையோ எண்டு பயத்தில பாக்கேல்லை," என்றாள். விடிய வேன் வந்து ஹோர்ன் அடித்ததாம். இரண்டு தரம் அடித்ததாம். திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு போகாமல் இருந்தாளாம். பையையும் ஃபோனையும் யூஜினியின் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

பத்து நிமிட வேலை என்றார்கள். முக்கால் மணித்தியாலம் ஆகியும் றஜிதா வரவில்லை. ஒரு பெண் வெளியே வந்து, ஸ்கானுக்குக் கொண்டுபோயிருக்கிறோம், டொக்டரும் பேச விரும்புகிறார், இருங்கள் என்றாள். அந்தக் குரலின் மென்மையை யூஜினி அறிவாள். வார்ட்டில் அவளும் அந்தக் குரலில் பேசியிருக்கிறாள். செபமாலையை எடுத்தாள், ஒரு மணியும் உருளவில்லை.

அப்போது மடியில் ஃபோன் அதிர்ந்தது. சண்முகநாதனின் பெயர். கேளாமலே செய்தி திரையில் விரிந்தது.

'றஜிதா, நாளைக்கு வரத் தேவையில்லை. உங்கட இடத்துக்கு ஆள் போட்டாச்சு. கொம்பனி ஜாக்கெட்டையும் பூட்ஸையும் கழுவிக் கொண்டந்து தரவும்.'

கதவு திறந்து றஜிதா வந்தாள். ஆஸ்பத்திரி அங்கியின் முன்பக்கத்தை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தாள். யூஜினிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்கள் தொட்ட இடம்தான் அக்கா. கக்கத்துக்குள்ளயும் ஏதோ இருக்காம். இப்ப ஊசியால சதை எடுத்துப் பாக்கப் போயினமாம். என்னைக் கொஞ்சம் மூச்செடுத்துப்போட்டு வரச் சொன்னவை." பிறகு கையை நீட்டினாள். "சண்முகநாதன் அண்ணை அடிச்சவரே? நாளைக்கு வேன் எத்தினை மணிக்காம்?"

யூஜினியால் ஒளிக்க முடியவில்லை. ஃபோனைக் கொடுத்தாள். றஜிதா வாசித்தாள். இன்னொரு தரம் மேலிருந்து வாசித்தாள். அழுவாள் என்று யூஜினி அவள் முதுகில் கையை வைத்தாள். றஜிதா அழவில்லை. கடைசி வரியில் பெருவிரலை வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜாக்கெட் எங்கட மெஷினுக்குள்ள போகாதக்கா, சரியான தடிப்பு," என்றாள். "கொயின் லோண்டறிக்குக் கொண்டுபோனாத்தான். சனிக்கிழமைக்குக் காயுமோ தெரியேல்லை."

உள்ளேயிருந்து அவள் பெயரை மறுபடியும் கூப்பிட்டார்கள்.