காரவள்ளி ஏறிய கடல்

சாமியப்பனுக்கு நான் தர வேண்டியது ஏழு ரூபாய் ஆறணா. எனக்குத் தூரத்துச் சொந்தம்; மலையடிவாரத்தில் காரவள்ளியில் கடை வைத்திருந்தார். ஆடிப் பதினெட்டுக்குள் அடைக்காவிட்டால் அந்த வருஷத்து என் மிளகு முழுதும் அவருக்கு என்று பேச்சு.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வரும்போதெல்லாம் மலைமேல் இருக்கும் என் பெண்டாட்டி பெருமாயியைக் கடல் பார்க்கக் கூப்பிடுவேன்.

"ஆட்டை யாரு பார்ப்பாங்க, சாமையை யாரு காப்பாங்க? வேணும்னா உங்க கடலை இங்க வரச் சொல்லுங்க" என்றாள்.

சரி, வரச் சொல்கிறேன் என்று கண்ணாடிக்கும் ஜாடிக்கும் கடன் வாங்கினேன்.

"மலையில கடலா? ஒரு மாசம் தாங்காதுடா கருப்பண்ணா" என்று சிரித்தபடிதான் சாமியப்பன் காசை எண்ணினார்.

"தாங்க வெக்கறனுங்க."

பழைய கண்ணாடிப் பலகைகளை மரச்சட்டத்தில் பொருத்தி, படகுக்குப் பூசுகிற குங்கிலியக் குழம்பால் இடுக்கை அடைத்துத் தொட்டியாக்கினேன். தகரத்தை உப்பு தின்றுவிடும் என்பதால் இரண்டு பீங்கான் ஜாடிகளில் கடல்நீர் பிடித்து, காவடி கட்டி மலை ஏறினேன். ஒரு ஜாடியில் விரல் நீள உளுவை மீன் இரண்டும், சங்கைச் சுமந்து நடக்கும் நண்டு ஒன்றும். தொட்டியின் அடியில் கடற்கரை மணலைப் பரப்பி அந்த நீரை ஊற்றினேன். இன்னொரு ஜாடியை அவசரத்துக்கு ஆகும் என்று கைகாவலாக மூடி வைத்தேன்.

பெருமாயி விரலை விட்டு நக்கினாள். "த்தூ! இதுக்கா ஏழு ரூவா?" என்றாள். ஆனால் நண்டு நடந்ததும் அடுப்பை மறந்து உட்கார்ந்துவிட்டாள்.

மீன் மூச்சுவிடக் காற்று ஊத மிஷினுக்கு நான் எங்கே போவது? கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். மூட்டை தூக்கிய தோள் அதற்கும் வலித்தது. வெயிலில் தண்ணீர் வற்றினால் ஓடைத்தண்ணீரால் நிரப்பினேன். வற்றுவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே கிடக்கிறது.

ஆடி நோம்பிக்கு மலையெல்லாம் சனம். கடல் பார்க்கக் காலணா என்று வாசலில் நின்று கூவினேன். மலையிலேயே இருக்கும் வாழவந்தி நாட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் சண்டைக்கே வந்தார்.

"அறப்பளீஸ்வரர் ஆத்துல மீனைச் சும்மாதான்டா பார்க்கறோம். நீ என்ன புதுசா?"

சொல்லிக்கொண்டே மடியிலிருந்து ஒரு பிடி சாமையைத் தொட்டியில் போட்டார். கோயில் ஆற்று மீனுக்குப் போட்டே பழகிய கை. பின்னால் வந்தவர்களும் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் கஞ்சியாகிவிட்டது. ஒரு உளுவை மல்லாந்து மிதந்தது. இன்னொன்று வாயைப் பிளந்து மேலே வந்தது.

"ஊத்திப் போட்டுட்டு வேலையப் பாருங்க" என்றாள் பெருமாயி. அவள் கண் கலங்கியிருந்தது.

"மாட்டேன்." கெட்ட தண்ணீரை இறைத்துவிட்டு, மூடி வைத்திருந்த ஜாடியைத் திறந்து புதுக் கடலை ஊற்றினேன். விடிந்தபோது மிஞ்சிய மீன் மணலில் படுத்து என்னை முறைத்தது. தொட்டியின் மேல் பலகையைப் போட்டு, பக்கத்தில் கூடையை வைத்தேன்.

"மீனுக்குப் போடாமப் போனாப் பாவமில்லையா?" என்றார் அதே பெரியவர்.

"கூடையில போடுங்க. ஆனா அது மீனுக்கில்லீங்க, எனக்கு. கடலைச் சுமந்த கூலி. மறைக்கலீங்க."

முணுமுணுத்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு போட்டார். சாமை, தினை, சிலர் காசு.

ஆடிப் பதினெட்டு அன்று சாமியப்பன் தன் சனத்தோடு வந்தார். எல்லோரும் தொட்டியைச் சுற்றிக் குந்தி வாயைப் பிளந்து பார்த்தார்கள். பிறகு அவர் கூடையில் சேர்ந்த தானியத்தை அளந்து விலை போட்டார், காசை எண்ணினார்.

"ஏழு ரூவா ஆச்சு. ஆறணா குறையுதே. மிளகு எனக்குத்தான்."

"உங்க சனம் எத்தனை தலைங்க?"

"இருபத்துநாலு. ஏன்?"

"தலைக்குக் காலணா. கணக்குப் போடுங்க."

அவர் மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாமியப்பன் விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். சரியாக ஆறணா.

"சொந்தக்காரங்களுக்குமா காசு?"

"கடன்ல நீங்க சொந்தம் பார்த்தீங்களா?"

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "தீந்துதுடா உன் கடன். மிளகை நீயே வெச்சுக்க."