இரண்டு அடுப்புக்கு நடுவே

கொல்லிமலை வீடுகளை வருமானப்படி குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக நிறுத்தினால், நட்டநடுவில் நிற்பது வாழவந்தி நாட்டுச் சென்னியப்பன் வீடு. 2013 முதல் எந்த வருஷமும் இது மாறவில்லை. அவருக்குக் கீழே எத்தனை வீடோ மேலேயும் அத்தனை வீடு. மிளகு விலை ஏறிய வருஷமும் அப்படித்தான், கொரோனாவில் பஸ் நின்ற வருஷமும் அப்படித்தான். மலை முழுவதும் கணக்கெடுத்து அந்த நடு வருமானத்தை ஆண்டுதோறும் மேலிடத்துக்குச் சொல்வது, சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த பிரிசில்லாவின் வேலை. மூன்றாம் வருஷமே விஷயம் பிடிபட்டு, நேராகச் சென்னியப்பன் வீட்டில் மட்டும் கேட்டு எழுதி அனுப்பினார். ஒரு வீட்டை வைத்து மலையை எப்படி மதிப்பிடலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். மழையில் குடை பிய்ந்து, செருப்பு அறுந்து, மலையெல்லாம் ஏறி இறங்கி அதே எண்ணை மறுபடி அனுப்பினார். நல்ல உழைப்பு என்று பாராட்டு வந்தது. இப்படி இருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

சென்னியப்பனுக்கு இதனால் துளிப் பிரயோசனம் கிடையாது. சலுகை எல்லாம் நடுவுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. பேங்க் கடன் எல்லாம் மேலே உள்ளவர்களுக்கு. நடுவிலேயே நிற்பவனுக்கு என்ன என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. மகள் தேன்மொழி பிளஸ் டூ முடித்து நாமக்கல்லில் நர்சிங் படிக்க வேண்டும் என்று கேட்கும்வரை வீட்டில் இது ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது. நடு வருமானத்துக்குக் கீழே இருந்தால் கட்டணம் முழுவதும் இலவசம். ஒரு ரூபாய் குறைந்தால் போதும்.

குறைத்துப் பார்த்தார். விளைந்த மரவள்ளியைப் பிடுங்காமல் விட்டார். அந்த வாரமே திருப்புளி நாட்டு ஊர்கள் வரை மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்து, பாதி மலை அவரோடு சேர்ந்து இறங்கியது. சரி, மேலே ஏறிக் கடனாவது வாங்குவோம் என்று கறவை மாடு ஒன்று பிடித்தார். மலையில் இருந்த கிழட்டு மாடெல்லாம் கன்று ஈன்றது. அதற்குள் ஊருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவர் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஆள் வந்து எழுப்பியது.

"ஏனுங்க மாமா, நீங்க படுத்தா எங்க பொழப்பும் படுத்துக்குமுங்க. எந்திரிச்சுக் காட்டுக்குப் போங்க" என்று பக்கத்துக் காட்டு மாதேஸ்வரன் மண்வெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியபோது சென்னியப்பனின் மனைவி அம்சவேணிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏறவும் தெரியல, எறங்கவும் தெரியல. இனி உங்ககூட ஒரு சட்டியில சோறு திங்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, மூன்று கல்லைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகையில் அடுப்பு வைத்தார். மரவள்ளிக் காட்டையும் மகளையும் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். மிளகுக் கொடியும் மாடும் புருஷனுக்கு. மாடு வெளியே நின்றது. மறுநாள் கணக்கெடுக்க வந்த பிரிசில்லாவிடம் இருவரும் மாறி மாறி முறையிட்டார்கள்.

"உங்க சண்டை எனக்கு வேண்டாம்மா. அடுப்பு எத்தனை, அதை மட்டும் சொல்லுங்க."

"ரெண்டுங்க."

ஒரே அடுப்பில் உண்பவர்கள் ஒரு குடும்பம் என்பது விதி. பிரிசில்லா இரண்டு குடும்பம் என்று எழுதிக்கொண்டார். மலையில் வீடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை ஆனது. அம்சவேணி வீடு நடுவுக்கு ஒரு படி கீழே, சென்னியப்பன் வீடு ஒரு படி மேலே. நடு என்பது இரண்டுக்கும் இடையில் கிடந்த வாசலில் வந்து விழுந்தது. அங்கே கட்டிய ஆடு அன்றிலிருந்து கொழுக்கவும் இல்லை, மெலியவும் இல்லை. தேன்மொழிக்கு இடம் கிடைத்தது.

அம்சவேணியின் கோபம் கணக்கெடுத்த அன்று சாயங்காலமே தீர்ந்துவிட்டது. தீர்ந்து என்ன பயன்? சென்னியப்பன் ஒருநாள் அவர் அடுப்பில் காய்ச்சிய கஞ்சியை வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்குமுன் கட்டணம் கட்டச் சொல்லிக் கல்லூரியிலிருந்து போன் வந்தது. வாயில் இருந்ததைத் துப்பியதும், தெரியாமல் கூப்பிட்டுவிட்டோம் என்றார்கள். அதன்பிறகு தன் சோற்றைத் தானே பொங்கி, தீய்த்து, தனியாகத் தின்றார். மனிதருக்கு அது பெரிய வேதனையாக இருந்தது.

மகள் கிளம்பிய அன்று சென்னியப்பன் விடியலில் எழுந்து சாமைச் சோறு கிளறிப் பொட்டலம் கட்டினார். கையில் கொடுக்கப் பயம். வாசலின் நட்டநடுவில் வைத்துவிட்டு விலகி நின்றார். தேன்மொழி குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "கீழ கெடந்துச்சுங்கப்பா, எடுத்துக்கிட்டேன்" என்றாள். மூவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அடிக்கவில்லை. செம்மேடு வழியாக நாமக்கல் போகிற பஸ் வந்தது, ஏறிப் போனாள்.

மறுநாள் மத்தியானம் அம்சவேணி குழம்புச் சட்டியை அதே இடத்தில் இறக்கி வைத்துவிட்டு, கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரு சட்டின்னு தெரியலீங்க. நாய் வாய் வெக்கறதுக்குள்ள எடுத்துக்குங்க."

சென்னியப்பன் எடுத்துக்கொண்டார்.