ரெண்டு காபி விலை

தம்பி வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் விலை காபியில்தான். அவன் வேலை பார்க்கும் நாட்டில் கடையில் ஒரு காபி என்ன விலையோ, அதுதான் அவனுக்கு எடைக்கல். விமான நிலையத்திலிருந்து வீடு வரை டாக்ஸி ஒன்றரைக் காபி. முடிவெட்டு அரைக் காபி. புதுச் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மூணே காபிக்கா! அங்க இந்தக் காசுக்கு வாரு கூடத் தரமாட்டான்" என்றான். அந்த ஆச்சரியத்திலேயே நாலு ஜோடி வாங்கிவிட்டான், என்னவோ எட்டுக் கால் முளைத்த மாதிரி.

அக்காவுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. மருந்துக் கிடங்கில் பன்னிரண்டு வருடமாகப் பெட்டி சரிபார்க்கிறவள். ஒருநாள் தன் மாதச் சம்பளத்தை மனசுக்குள் காபியாக்கிப் பார்த்தாள். நாற்பத்தொன்று வந்தது. அதோடு அந்தக் கணக்கை விட்டுவிட்டாள்.

அப்பா பக்கவாதம் வந்து படுத்து மூன்று வருடம் ஆகிறது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருகிறாள். குளிப்பாட்டி, சவரம் செய்து, இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைப்பாள். மூன்று வருடத்தில் அப்பாவின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. அந்த அம்மாள் வருவதால்தான் அக்கா வேலைக்குப் போகிறாள். அடுத்த மாதம் முதல் அக்காவை மேற்பார்வையாளராக்கிக் கிடங்கிலிருந்து கடிதம்கூட வந்துவிட்டது. அதை ஒருநாளைக்கு நாலு தடவை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "வேற ஒரு வீட்ல கூப்புடுறாங்கம்மா. இங்க கொஞ்சம் கூட்டிக் குடுத்தா நான் ஏன் போறேன்?"

கேட்டது மாதம் இரண்டு காபி. அம்மாளின் சம்பளம் தம்பி அனுப்புவது. அவன் வீட்டில் இல்லை, அக்கா யோசிக்கவும் இல்லை. "அதுக்கென்ன, குடுத்துடலாம். எங்க தம்பிக்கு அது ரெண்டு காபிக் காசு" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு வாரமாகக் காதில் விழுந்ததை நம்பியதைத் தவிர அவள் வேறு தப்புச் செய்யவில்லை.

சாயங்காலம் தம்பியிடம் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது.

"இவ்வளவா? இங்க வெளிய என்ன ரேட்டு தெரியுமா?"

"ரெண்டு காபிதானேடா?"

"அது அங்கக்கா. இங்க இருக்கவங்களுக்கு இங்கத்த ரேட்லதான் குடுக்கணும். நான் விசாரிச்சுட்டேன், இதவிடக் கொறச்சலுக்கே ஆள் வருது. நாமளே ஏத்திவிட்டா அப்புறம் தலமேல ஏறி உக்காந்துக்குவாங்க."

தன் காலுக்குச் செருப்பென்றால் அந்த ஊர்க் கணக்கு. அப்பாவின் முதுகென்றால் இந்த ஊர்க் கணக்கு.

"நான் வாக்கு குடுத்துட்டேன்டா."

"என்னக் கேக்காம ஏன் குடுத்த?"

"சரி விடு, என் சம்பளத்துலருந்து நானே குடுத்துக்கறேன்."

அதற்குள் வாசற்படியில் அம்மாள் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நேராக அப்பாவிடம் போய், பாதியில் இருந்த சவரத்தை முடித்து, அப்பாவின் முகத்தைத் துடைத்து, துண்டை மடித்துக் கட்டில் கம்பியில் போட்டாள்.

"உங்க காசும் வேணாம்மா. தலமேல ஏறி உக்கார்ற ஆளு நான் இல்ல."

அக்கா தெருமுனை வரை பின்னாலேயே போய்க் கெஞ்சினாள். அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி பேசிவைத்த மலிவான ஆள் இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. அப்பாவின் இடுப்பெலும்பின்மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. இன்னோர் ஆள் தேடும் வரை என்று அக்கா விடுப்புக் கேட்டாள். வருகிற மாதம் மேற்பார்வையாளராகப் போகிறவள் இப்போது விடுப்பில் போவதா என்று கிடங்கில் கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். வேறு வழியில்லாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். தம்பி பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். "விடுக்கா, உன் சம்பளம் என்ன பெருசா?" என்று ஆறுதல் சொன்னான். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த தம்பியின்மேல் அவளுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வெறுப்பு வந்தது.

மறுநாள், விமானம் மாறும் ஊரிலிருந்து கூப்பிட்டான்.

"ஃப்ளைட்டு லேட்டுக்கா. இங்க ஒரு காபி என்ன வெல தெரியுமா? எங்க ஊர விட ரெண்டு மடங்கு. பகல் கொள்ள!"

"குடிச்சியா?"

"குடிக்காம? தூக்கம் தூக்கமா வருது."

"எத்தன?"

"ரெண்டு."

அப்பாவைத் திருப்பும் நேரமாகியிருந்தது. அதற்கு இரண்டு கையும் வேண்டும். அக்கா போனைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு அவருடைய தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். போனில் தம்பி, தண்ணீர் பாட்டில் என்ன விலை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.